கம்போளம் கடையடைத்தது ஓர் இன்ஸ்பெக்டருக்காக

இரணியல் பஸ் நிற்பதற்குள் கண்டக்டர் குதித்து இறங்கி என் கடைக்கு ஓடி வந்தார். முற்பகல் வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது. "மொதலாளி, நம்ம குப்பி இன்ஸ்பெக்டர் போயிட்டாரு. இன்னைக்குக் காலத்த, வீட்டுல வச்சு. கொஞ்ச நாளா காய்ச்சலாம்" என்றார்.

நான் கையிலிருந்த எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்தேன். பக்கத்துக் கடை மிளகாய் வியாபாரி எழுந்து தம் கடையின் நிரைப்பலகைகளை எடுத்துப் பொருத்தத் தொடங்கினார். அவரைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் எழுந்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்பதற்குள் கோட்டாறு கம்போளத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. சாமான் வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "செத்தது ஆரு, பெரிய வியாபாரியா?" என்று கேட்டார். "இல்ல, கலப்படம் பிடிக்கிற இன்ஸ்பெக்டர்" என்றேன். நான் கேலி பேசுவதாக நினைத்து அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

நகரசபைச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஏசுவடியானை அறிந்த கோட்டாற்றுக்காரர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் குப்பியில் முத்திரை வைப்பதை நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் அவருடைய சாட்சியாகப் பலமுறை நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

உணவுச் சாமான்களைச் சோதிக்கும் அதிகாரம் நகரசபைக்குக் கிடைத்த புதிதில் அவர் இங்கே வந்தார். வெள்ளை டிரில் கோட்டு, கையில் குடை, பின்னால் மரப்பெட்டி சுமந்து ஒரு பியூன். பெட்டியில் குப்பிகள், தக்கைகள், அரக்கு, மெழுகுதிரி. முதலில் ஏறியது என் கடை. "அரைப்படி தேங்காயெண்ணெய் வேணும். இத நான் சமையலுக்கு வாங்கல்ல, பரிசோதனைக்கு வாங்குதேன். அத உம்மகிட்ட முதல்லயே சொல்லிடணும்" என்றார். விலையைக் கொடுத்தார். எண்ணெய்ப் பானையை அடிவரை கலக்கச் சொன்னார். பிறகு மூன்று குப்பிகளில் ஒரே அளவாக ஊற்றித் தக்கை அடைத்து, அரக்கு உருக்கி, நகரசபை முத்திரையைப் பதித்தார். அது ஆறுவதற்குள் என் விரலைக் காட்டி, "உம்ம மோதிரத்தையும் இதுல அமுக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கம்போளமே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "மூணு தலைமுறையா எண்ணெய் விக்கிற கடை இது. இதுக்கு ஒண்ணு போதாதா, மூணு குப்பி எதுக்குவே?" என்றேன்.

"ஒண்ணு திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போவும். ஒண்ணு கோர்ட்டுக்காகப் பூட்டி வைப்பேன். இது உமக்கு. நாளைக்கு நான் பொய் சொன்னா, இந்தக் குப்பியக் கொண்டுபோய் என்னை மாட்டி விடும் சாயிபே" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஓர் அதிகாரி தம்மைச் சந்தேகிக்கும் உரிமையைத் தம் கையாலேயே எனக்குக் கொடுத்தது அன்றுதான்.

என் எண்ணெய் சுத்தமானது என்று முடிவு வந்தது. அதைப் பியூனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரே வந்தார். கடைக்குள் ஏறாமல் தெரு நடுவில் நின்று, "மீரான் சாயிபு கடை எண்ணெயில ஒரு குறையும் இல்ல" என்று நாலு கடைக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "எதுக்கு இப்படிச் சத்தம் போடுதீரு?" என்றேன். "கெட்டத உரக்கச் சொல்லுதோம், நல்லத மட்டும் ஏன் காதுக்குள்ள சொல்லணும்?" என்றார். அதற்குப் பிறகு அவர் சாட்சிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் இசக்கியம்மையின் பாலில் மாதிரி எடுத்தார். ஒழுகினசேரியில் மூன்று பசுக்களை வைத்துப் பிழைத்த விதவை அவர். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குப் பால் கொடுத்துவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, கெடாமலிருக்க ஒரு சொட்டு மருந்து விட்டு, பாலை மூன்று குப்பிகளில் அடைத்தோம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த முடிவு பாதகமாக இருந்தது. பாலில் தண்ணீர் இல்லை. ஆனால் வெண்ணெய்ச் சத்து மிகக் குறைவு, ஆடை எடுத்த பாலாக இருக்க வேண்டும் என்றார்கள். வழக்குப் பதிவாயிற்று. ஆஸ்பத்திரி அவர் பாலை நிறுத்திவிட்டு ஒரு பால் குத்தகைக்காரரிடம் வாங்கத் தொடங்கியது. அந்தக் குத்தகைக்காரரின் மைத்துனர் நகரசபை அங்கத்தினர்.

இசக்கியம்மை கம்போளத்துக்கே வந்துவிட்டார். என் கடை முன்னால் இன்ஸ்பெக்டரை மறித்து, "ஏமானே, நான் வெள்ளமும் சேக்கல்ல, ஆடையும் எடுக்கல்ல. சீக்குக்காரப் பிள்ளையளுக்குப் போற பாலு. அதுல கைவச்சா நான் வெளங்குவேனா?" என்று அழுதார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிடிபட்ட எவரும் சொல்லும் பேச்சுதானே என்று நானும் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலத்த கறக்குத நேரம் நான் உங்க தொழுவத்துக்கு வரட்டா?" என்று கேட்டார்.

விடிய நாங்கள் அங்கே இருந்தோம். செம்பைக் கழுவிக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். அந்த அம்மாள் கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, கறக்க உட்கார்ந்தார். செம்பு பாதிக்குமேல் நிறைந்ததும் எழுந்து கன்றின் கயிற்றை அவிழ்க்கப் போனார். மடி இன்னும் கனமாகத்தான் இருந்தது.

"நில்லுங்க. இன்னும் பால் இருக்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது கன்னுக்குள்ளது ஏமானே. முன்பாலு நமக்கு, பின்பாலு அதுக்கு. பச்சப்புள்ளயில்லியா, பட்டினி போடலாமா?"

அவர் அந்தக் கன்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செம்பிலிருந்த பாலைக் குப்பிகளில் அடைத்தார். வேறொரு செம்பைக் கொடுத்து, மடி வற்றும்வரை கறக்கச் சொன்னார். "கன்னு கத்துது ஏமானே" என்றார் இசக்கியம்மை. "இன்னைக்கு ஒரு நேரம் அது என்கூடக் கோவிச்சுக்கிடட்டும்" என்று சொல்லி, அந்தப் பின்பாலையும் தனியாக அடைத்து முத்திரை வைத்தார்.

திரும்பி வரும்போது அவர் நடையில் ஒரு வேகம் இருந்தது. "கடைசியா இறங்குத பாலுலதான் வெண்ணெய் கூடுதல். இந்த அம்மை ஆடையத் திருடல்ல சாயிபே, கன்னுக்குக் குடுத்துக்கிட்டிருக்கா" என்றார். "அப்ப கேஸ எடுத்துரலாமே?" என்றேன். "நான் நினைச்சா போதுமா? குப்பி போயிட்டு வரட்டும்" என்றார்.

குப்பிகள் போய் வந்தன. முன்பாலில் முதல் மாதிரியில் இருந்த அதே குறை. பின்பாலில் தேவைக்கு மேலேயே வெண்ணெய். ஆனால் அவருடைய மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. நகரசபை போட்ட வழக்கை நகரசபை இன்ஸ்பெக்டரே கெடுப்பதா, கேட்டால் மட்டும் பதில் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார். கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. ஏசுவடியான் தாமாகவே எழுந்தார். "குற்றவாளிக் கூண்டில் பிரதியாக நிற்கும் இந்த ஸ்திரீ குற்றம் செய்யவில்லை. நான் எடுத்த மாதிரி சரியானது, அதை வைத்து நான் வந்த முடிவு தவறானது" என்று ஆரம்பித்து, தொழுவத்தில் கண்டதையும் ஆய்வின் முடிவையும் சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. வெளியே வந்த இசக்கியம்மைக்கு விடுதலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "அப்ப கன்னுக்கு?" என்றார். "முன்பாலக் கன்னுக்கு விடுங்க, பின்பாலப் பிள்ளையளுக்குக் கொண்டு வாங்க. வயிறு ரெண்டும் நிறையும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த நாளே ஆஸ்பத்திரி வாசலில் குத்தகைக்காரரின் பாலை மறித்தார். நானும் இருந்தேன். குத்தகைக்காரர் குப்பியில் அடையாளம் பதிக்க மறுத்தார். "என் மச்சினன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா, உம்மக் குழித்துறைக்கு அங்கோட்டு எறிஞ்சிருவான், பாத்துக்கிடும்" என்று கத்தினார். "எறியும். அதுக்கு முன்ன இதுல ஒரு விரல அமுக்கும், அரக்கு ஆறுது" என்றார் ஏசுவடியான். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் விரலை அமுக்கிவிட்டார்.

அந்தப் பாலில் தாராளமாகத் தண்ணீர் இருந்தது. குப்பியை மாற்றிவிட்டார்கள் என்று குத்தகைக்காரரின் வக்கீல் வாதாடினார். கோர்ட்டுக்காகப் பூட்டி வைத்திருந்த குப்பியைக் கொண்டுவரச் சொன்னார் மாஜிஸ்திரேட். அரக்கு உடையாமல் இருந்தது. அதன் மேல் குத்தகைக்காரரின் விரல் அடையாளம் இருந்தது. அந்தக் குப்பியும் திருவனந்தபுரம் போய் அதே முடிவோடு வந்தது. அபராதம் விதித்தார்கள். குழந்தைகள் வார்டுக்கு மறுபடியும் இசக்கியம்மையின் பால் போகத் தொடங்கியது.

குத்தகைக்காரர் மிரட்டியபடியே அவருடைய மைத்துனர் செய்யப் பார்த்தார். சில வாரங்களில் இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் என்ற செய்தி வந்தது. அன்று மாலை கம்போளத்து வியாபாரிகள் பள்ளிவாசல் பக்கம் கூடினோம். அவரிடம் அபராதம் கட்டியவர்களும் அதில் இருந்தார்கள். காப்பித்தூளில் புளியங்கொட்டை சேர்த்து மாட்டிய ஒருவர்தான் முதலில் எழுந்து, "அவரு போனா நாளைக்கு வாறவன் கை நீட்டுவான். எனக்கு இவருதான் வேணும்" என்றார். எல்லாருமாக நகரசபைத் தலைவர் வீட்டுக்குப் போனோம். தலைவர் எங்களை உட்காரச் சொன்னார். "இன்ஸ்பெக்டர மாத்துங்கன்னு வாற வியாபாரிகளைத்தான் நான் பாத்திருக்கேன்" என்றார். மாற்றல் நின்றுபோயிற்று.

நன்றி சொல்லுவார் என்று நினைத்திருந்தேன். அவர் வந்து என்னைக் கடிந்துகொண்டார். "எனக்காக நீரு போனது தப்பு சாயிபே. இனி உம்ம கடைச் சரக்கு நல்லதுன்னு நான் சொன்னா ஊர் நம்புமா?" என்றார். மறுநாள் காலையில் பியூனும் பெட்டியுமாக வந்து என் கடையில் எண்ணெய், நெய், காப்பித்தூள் மூன்றிலும் மாதிரி எடுத்தார். சாட்சிக்கு, என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு வியாபாரியைத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றும் நல்லவை என்று முடிவு வந்ததும் வழக்கம்போலத் தெரு நடுவில் நின்று சொன்னார். அன்று எனக்குக் கூச்சமாக இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

அவரை இரணியலில் மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நான் போயிருந்தேன். அவர்கள் பாட்டுப் பாடி முடிக்கும்வரை வாசலருகே நின்று எனக்குத் தெரிந்த துஆவை ஓதினேன். அவருடைய மனைவி என்னைக் கண்டதும், "கம்போளம் அடைச்சிட்டாங்களாமே?" என்று கேட்டார். "ஒரு கடை பாக்கியில்ல அம்மா" என்றேன். அழுதுகொண்டிருந்த அந்த முகத்தில் ஒரு பெருமிதம் வந்ததைப் பார்த்தேன்.

சென்ற மாதம் குளச்சலுக்கு எண்ணெய் கொண்டுபோனேன். அங்கே வாங்குகிறவர் ஒரு கறாரான மனிதர். உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்க்காமல் எவருடைய எண்ணெயையும் எடுக்கமாட்டார். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரின் சரக்கையும் அப்படித்தான் பார்த்தார். என் முறை வந்தபோது, "எந்த ஊரு?" என்றார். "கோட்டாறு கம்போளம்" என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "அப்ப மோந்து பாக்க வேண்டாம், எறக்கும்" என்றார். இதை இன்ஸ்பெக்டரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். குளச்சல்காரர் மடக்கிய அந்தக் கைதான் அவர் எனக்கு விட்டுப்போனது. அது மறுபடி நீளாமல் பார்த்துக்கொள்வது இனி நம்முடைய வேலை.