குறுக்கே பாடும் பாட்டு

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான் சேர்ந்திருந்த தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற பெண்களின் கீழ்க்குரலைப் பாட எங்கள் மூன்று பேரை விட்டால் ஆளில்லை. மற்ற இருவரும் நான் வாய் திறந்தால்தான் திறப்பார்கள். வினையே அதில்தான் வந்தது.

அந்த முறை எடுத்துக்கொண்டது பரோக் காலத்துக் கன்டாட்டா ஒன்று. தனிக்குரல், கூட்டுக்குரல், வாத்தியம் எல்லாம் சேர்ந்த நீண்ட பாட்டு. நடுவில் ஒரு ஃபூகே இருந்தது. உச்சக்குரலில் பாடும் சோப்ரானோப் பெண்கள் ஒரு வரியைத் தொடங்குவார்கள். அவர்கள் முடிக்குமுன்பே அதே வரியை நாங்கள் வேறு சுருதியில் எடுக்க வேண்டும். பிறகு ஆண்குரல்கள் இரண்டும் அதேபோல் வந்து சேரும்.

எனக்கோ கோயில் பஜனைப் பழக்கம். அங்கே அம்மாதான் முதலில் பாடுவார். அவர் அடியை முடிக்குமுன் வாய் திறந்தால் விலாவில் ஓர் இடி விழும். அதனால் ஒத்திகையில் சோப்ரானோக்கள் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தேன். மூன்றாம் முறையும் பிந்தியபோது, குழுவை நடத்தும் அம்மையார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அடுத்த ஒத்திகையிலும் இப்படியென்றால், கச்சேரியில் இந்தப் பகுதிக்கு நீங்கள் பாட வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கச்சேரியில் பாடப்போவதை அம்மாவோ கோயில் சனத்தில் பாதிப்பேருக்குச் சொல்லியாயிற்று.

அந்த ஞாயிறு வீட்டில் அம்மாவும் இரண்டு மாமிமாரும் ரோல்ஸ் பலகாரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கலியாண வீட்டிலை சோறு காணாமப் போச்சு" என்று, சோறு போதாமற்போன கதையை அம்மா தொடங்கினார்.

"சோறு காணாமப் போச்செண்டு நான் அப்பவே சொன்னனான்" என்று பெரிய மாமி உரத்து நுழைந்தார்.

"நான் போகேக்கை சோத்துச் சட்டி காலி!" இது சின்ன மாமி.

ஒருவரும் நிறுத்தவில்லை, ஒருவருக்கும் கோபமுமில்லை. கதை மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. அட, ஃபூகே என்றால் இவ்வளவுதானா என்று சிரித்தேன்.

அடுத்த ஒத்திகையில் சோப்ரானோக்களை அம்மாவாகவும் என்னைப் பெரிய மாமியாகவும் நினைத்துக்கொண்டு துணிந்து இடையில் புகுந்தேன். கச்சேரியிலும் அப்படியே. மற்ற இருவரும் என்னோடு சரியாக வந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் அம்மா நேரே முன்வரிசைச் சோப்ரானோவிடம் போய், தன் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார். மகள் அவரை முடிக்கவிடாமல் குறுக்கிட்டுவிட்டாளாம். அந்தப் பெண் சிரித்து, "உங்கள் மகள் சரியான இடத்தில்தான் வந்தாள்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடு திரும்ப டிராம் ஏறினோம். இறங்கும்போது அம்மா சொன்னார்:

"நல்ல மனிசி, பிள்ளை. கோவத்தை வெளியிலை காட்டிக்கொள்ளேல்லை."