கிழட்டு மலையும் வெள்ளைக் கிண்ணமும்

மாவு அக்கா என்றால்தான் பல்கலைக்கழக நிலவியல் துறையில் எல்லாருக்கும் தெரியும். பட்டமளிப்பு நாளில் தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதோடு சரி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்க, மகளோ கீழ்த்தள அறையில் கல்லை மாவாக்கிக்கொண்டிருந்தாள். அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசு வெளியே போகக் கூடாதென்று கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். முகமூடியின் கோடு வீடு திரும்பிய பிறகும் கன்னத்தில் கிடக்கும்.

"அரவை மில்லுல நிக்கவா இவ்வளவு படிச்ச?" என்று தம்பி போனில் சீண்டுவான்.

"மாவு வேணும்னா சொல்லுடா, அனுப்புறேன். பல்லு போனா நான் பொறுப்பில்ல."

மலைச்சரிவில் குழி தோண்டி, மேல்மண்ணிலிருந்து அடிப்பாறைவரை எடுத்துவந்ததை அரைத்துக் கொடுப்பது அவள் வேலை. மழைநீர் பாறையிலிருந்து சோடியத்தையும் கால்சியத்தையும் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். சிர்கோனியம் என்ற தனிமம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாது. அடிப்பாறையைவிட மேல்மண்ணில் அது எவ்வளவு செறிந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு மற்றவை கரைந்துவிட்டன என்று கணக்கு.

அவர்கள் ஆராய்ந்த மலை கிழடு. நிலம் உயர்வது என்றைக்கோ நின்றுபோனதால் அடியிலிருந்து புதுப் பாறை மேலே வருவதில்லை. கரையக்கூடியது கரைந்து முடிந்தது, இனி எத்தனை மழை பெய்தாலும் கொடுக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். இந்த முறை மேல்மண்ணில் சிர்கோனியம் எகிறியிருந்தது. மழை கூடிய காலங்களில் கிழட்டு மலையும் சும்மா இருக்கவில்லை என்று, ஆய்வை நடத்தும் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னும் உயர்ந்துகிட்டே இருக்கிற மலைக்கு ஒரு குழு போகுது. உன்னைச் சேர்க்கச் சொல்லியிருக்கேன். எத்தனை நாள்தான் இந்தப் பொந்துக்குள்ள கிடப்ப?" என்றார்.

அங்கே சரிவுகள் சரிந்துகொண்டேயிருக்கும். புதுப் பாறை வெளியே வந்துகொண்டேயிருக்கும். அம்மா உடனே ஒரு பெட்டி வாங்கிவிட்டாள்.

அதன் பிறகுதான் அந்தக் குப்பி. ஒவ்வொரு அரவைக்கும் பின் அரவை இயந்திரத்தின் கிண்ணத்தைத் துப்புரவாக்கச் சுத்தமான மணலைப் போட்டு அரைப்பது வழக்கம். சோதனைக்குப் போகும் தட்டில் ஒரு குப்பி குறைந்ததால், கொட்டவிருந்த அந்த மணலையே நிரப்பி, தனிமங்களை அளக்கும் கருவிக்கு அனுப்பினாள். சுத்தமான மணலில் இருக்கவே கூடாத சிர்கோனியம் அதில் இருந்தது.

அடிப்பாறையை, அகேட் என்ற கடினமான கல்லில் குடைந்த பழைய கல்வத்தில் கையால் அரைத்திருந்தாள். அது விரிசல் விட்ட பிறகு, மேல்மண்ணையெல்லாம் இயந்திரத்தோடு வந்த புது வெள்ளைக் கிண்ணத்தில். அந்தக் கிண்ணம் செய்யப்பட்டதே சிர்கோனியம் ஆக்சைடால். மலை கரையவில்லை. கிண்ணம் தேய்ந்திருக்கிறது.

ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மணலை வேறு யாரும் சோதிக்கப்போவதில்லை. பெட்டியில் என்ன வைப்பது என்று அம்மா கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லத்தான் செய்தாள். கடைசியில் சாரிடம் போய்ச் சொன்னது உண்மைக்காகவா, என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தாலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

சார் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "கிண்ணத்த வாங்கினது நான்தானேம்மா."

"அரைச்சது நான் சார்."

"மேல்மண்ணு மொத்தத்தையும் மறுபடி அரைக்கணும். கையால."

"தெரியும் சார்."

"வேற யாருக்கு அந்தக் கைப்பக்குவம் இருக்கு, சொல்லு."

பாராட்டுத்தான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்த மாதிரி இருந்தது.

"அந்தக் குழு சார்?"

"அவங்க காத்திருக்க மாட்டாங்க."

அன்று மாலை அம்மா கூப்பிட்டாள். "பெட்டியில பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்குடி. மாத்திடவா?"

"வேணாம்மா. அவசரமில்ல."

போனை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முகமூடியை இழுத்துவிட்டபோது அது பழைய கோட்டிலேயே போய் உட்கார்ந்தது. புதிதாக வந்திருந்த அகேட் கல்வத்தில் முதல் பிடி மண்ணைப் போட்டாள். கிழட்டு மலையிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்பதைக் காட்ட, அந்த மலையை முதலிலிருந்து அரைக்க வேண்டியிருந்தது.