மாமா விசாரித்த புளியமரம்

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். எனக்கு இருந்தது ஒரே மாமா. நான் பிறக்கும் முன்பே அவர் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். தம்பி வரட்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததில், பத்து வயதிலும் என் காது மூளியாகவே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே மூளிதான்.

மாமாவின் கடுதாசி தவறாமல் வரும். கண்மாய் பெருகிவிட்டதா, சமணர் மலைப் பக்கம் மழை உண்டா, கிணற்றடிப் புளியமரம் காய்த்திருக்கிறதா என்று துருவித் துருவி விசாரிப்பார். ஊர் நினைப்பில் சோறு இறங்கவில்லை என்பார். என் காதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஊர் மேல் அம்புட்டுப் பாசம். ஊரில் இருந்த எங்கள் மேல்தான் இல்லை. இதை இன்றைக்கும் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பதில் எழுதுவது நான். அப்போது கண்மாய் வறண்டு மூன்று வருஷம். பாதி ஊர் செல்லூர்ப் பக்கம் தறிக் கூலிக்குப் போயிருந்தது. புளியமரத்தை அப்பா விறகுக்கு வெட்டி விற்றுவிட்டார்.

"மரம் நல்லாக் காய்ச்சிருக்குன்னு எழுது. இல்லேன்னா அவன் எதுக்கு வரப்போறான்?" என்பாள் அம்மா.

நானும் வெட்டிய மரத்தை வருஷா வருஷம் காய்க்க வைத்தேன்.

எனக்குப் பதினோரு வயதில் மாமா வந்தே விட்டார். கையில் தோல்பெட்டி, தோளில் பட்டுத் துண்டு. அம்மா உடனே ஆசாரியை அழைத்துவர ஆள் அனுப்பினாள். மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கிணற்றடிக்குப் போனார். அடிக்கட்டைதான் இருந்தது.

"என்னக்கா, எழுதுனது அம்புட்டும் பொய்யா?"

"பொய்தான் தம்பி. மொதல்ல உக்காரு. ஆசாரி இப்ப வந்துருவாரு, பிள்ளைக்குக் காது குத்தணும்."

"இந்த ஊர்ல இனிமே எனக்கு என்னக்கா இருக்கு?"

எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டேதான் இதைக் கேட்டார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த வண்டித் தடத்திலேயே மதுரைக்கு நடந்துவிட்டார். கிணற்றுச் சுவரில் போட்ட துண்டை மறந்துவிட்டார்.

அம்மா அழவில்லை. அந்தத் துண்டை எடுத்து உதறி அடிக்கட்டையின் மேல் விரித்தாள்.

"இதுல உக்காரு. ஒம் மாமனுக்கு ஒறவு இதுதான்."

அதற்குள் வந்து சேர்ந்த ஆசாரி தயங்கினார். "குத்துங்க" என்றாள் அம்மா. ஊசி இறங்கியபோது பிடித்துக்கொள்ளக் கை தேடினேன். கட்டைதான் அகப்பட்டது.