கிராணி நிறுத்திய இடம்

மகளின் கைபேசியில் அந்த ஊமைப்படத்தைப் பார்த்ததும், ரப்பர்பால் கொட்டகையின் அமோனியா நாற்றம் மூக்கில் ஏறியது. லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம், இப்போது செம்பனைத் தோட்டமாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தில், கொட்டகைச் சுவரில், கணக்கெழுதும் கிராணி அதைத்தான் மாதாமாதம் ஓட்டுவார். சோப்பு ஆலைத் தொழிலாளி வாளியோடு வழுக்கி விழ, மேலாளர் உதைக்க, காலையில் பால் சிந்தியதற்காக அதே கிராணியிடம் வசை வாங்கிய அம்மாவும் வயிறு குலுங்கச் சிரிப்பாள். உதை விழுந்ததும் கிராணி பட மிஷினை நிறுத்திவிடுவார்.

"அப்புறம் என்னாங்கையா ஆச்சு?" என்பாள் அம்மா.

"அவ்ளோதான்லா, படம் முடிஞ்சிருச்சு. லயத்து வீட்டுக்குப் போங்க."

அடப் படுபாவி, பொய்! இதோ, கைபேசியில் படம் இன்னும் ஓடுகிறது. விழுந்தவன் எழுந்து, அதே வாளியை மேலாளர் தலையில் கவிழ்க்கிறான்.

அம்மா இதைப் பார்க்காமலேயே செத்துப்போனாள்.