மூன்றாவது காலிக் குழி

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: லைன் சூப்பர்வைசர். தரம் பார்க்கும் பிரிவிலிருந்து வந்த கண்ணாடி போட்ட பெண். மெஷின் ஓட்டுபவர். எண்ணூரிலிருந்து வரும் ஒல்லிக்காரி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வரும் என் சிநேகிதி. அப்புறம் நான். ஆறு பேர்.

நடுவில் இருபத்திரண்டு பெட்டிகள். பெட்டிக்கு இருநூறு மாத்திரை அட்டை. அதில் ஏதோ ஓர் அட்டையில் ஒரு குழி காலி. பத்து மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. அது எந்தப் பெட்டியில் என்று ஐந்து பேருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.

இது அரசாங்கம் நடத்தும் மாத்திரைக் கம்பெனி. மாத்தூர் தாண்டி, லாரிகள் போகும் ரோட்டில் இருக்கிறது. நான் ஒப்பந்தக் கூலி. படிப்பு ஐந்தாவது. இங்கே வரும் முன் காசிமேட்டில் மீன் விற்றேன்.

வேலை இதுதான். மெஷின் மாத்திரையைக் குழியில் போட்டு, மேலே தாள் ஒட்டி, அட்டையாக அனுப்பும். குழி காலியாக இருந்தால் மெஷினுக்கே தெரியும். அன்று எத்தனை காலி என்று ஓர் எண் காட்டும். அந்த அட்டையைத் தள்ளிவிட மெஷினில் ஒரு கை உண்டு. அது பழுதாகிப் பல நாள் ஆகிறது. அதற்குப் பதில் எங்கள் மூன்று பேர் கை. காலி உள்ள அட்டையை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும்; நல்லதைப் பெட்டியில் அடுக்கி, உள்ளே அவரவர் நம்பர் போட்ட சீட்டு வைக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது மெஷின் காட்டும் எண்ணும் தொட்டியில் இருப்பதும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் சரக்கு வெளியே போகாது.

மற்ற இருவரும் கண்ணால் பார்ப்பார்கள். நான் கட்டைவிரலால் பார்ப்பேன். கூடைக்குள் கையை விட்டு, பார்க்காமலே மீன் எண்ணிய விரல். அட்டை மேல் ஓட்டினால் போதும். காலிக் குழியில் இறங்கி நிற்கும்.

எண்ணும்போது ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. மீன் விற்கும் இடத்தில் முதல் எண் லாபம். லாபம், இரண்டு, மூன்று. ஹாலில் எல்லோரும் சிரிப்பார்கள்.

“இன்னாக்கா, கவுருமெண்டு மாத்திரையிலகூட லாபம் பாக்குறியா?” என்பாள் சிநேகிதி.

“எண்ணுமே. சும்மா முழிய உருட்டிகினு,” என்பேன்.

ஏழு வருஷப் பழக்கம். என் மீன் குழம்பு அவள் டப்பாவுக்குப் போகும். அவள் தக்காளி சாதம் என் டப்பாவுக்கு வரும். அவள் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். வலிப்பு உண்டு. மாத்திரை தினமும் போட்டால் வராது. விட்டால் வரும். பழைய மாத்திரை, மலிவு. மலிவாக இருந்ததால் அதைச் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கடையில் இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை. அதற்குப் பதில் என்று எடுத்துக் கொடுத்தது பல மடங்கு விலை. பேசின் பிரிட்ஜிலிருந்து மாதவரம் வரை அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். நானும் கூடப் போனேன். அது பொய் இல்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினவர். நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். இறுகினது இளகாது, மேலும் இறுகாமல் பார்க்கலாம் என்றார். அதற்கு ஒரு மாத்திரை. நாளைக்கு மூன்று. கடையில்தான் வாங்க வேண்டும். என் கூலியில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது.

இந்த வருஷம் எங்கள் கம்பெனியிலேயே வலிப்பு மாத்திரை போடப் போவதாகச் சொன்னார்கள். சிநேகிதி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். அவள் போன பிறகு சூப்பர்வைசரிடம் போனேன்.

“சார், எங்க வூட்டுக்காரர் மாத்திரய எப்ப சார் போடுவீங்க?”

டாக்டர் சீட்டைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

“இது லிஸ்ட்லயே இல்லம்மா. இத சாப்புடுறவங்க கம்மி. நெறைய பேருக்கு வர்ற சீக்குக்குத்தான் மொதல்ல போடுவாங்க.”

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் வயிறு எரிந்தது. அவள் புருஷனுக்கு வேலை நிரந்தரமானபோது எரியவில்லை. அவள் பட்டுப்புடவை கட்டி வந்தபோது எரியவில்லை. அவள் பெண்ணின் சீக்கைப் பார்த்து எரிந்தது. கூட்டமுள்ள சீக்கு. எங்கள் வீட்டுச் சீக்குக்கு ஆள் இல்லை.

டப்பா மாற்றிக்கொள்வதை நிறுத்தினேன். வயிறு சரியில்லை என்றேன். அவள் நம்பினாள். மறுநாள் எனக்கென்று மோர் கொண்டுவந்தாள். அதற்கும் எரிந்தது.

முதல் சரக்கு ஓடிய நாள். மத்தியான டீக்கு முன்னால். அவள் எனக்கு எதிரே நின்றாள். ஓர் அட்டையைக் கண்ணில் ஒற்றி, தன் பெட்டியில் வைத்தாள்.

“இனிமே மெடிக்கல் கடப் படி ஏற மாட்டேங்க்கா. எம்பொண்ணு மாத்திர எங்கையாலயே போவுது பாரு. குடுத்து வெச்சவ நானு.”

அந்த நேரம் என் விரல் ஒரு குழியில் இறங்கியது. நாலாவது குழி. காலி.

விரல் நின்றது. நான் எடுக்கவில்லை.

கவனிக்கவில்லை என்று சொல்லலாம். விரல் கவனித்தது. அவள் பெண்ணுக்கே போகட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். அதை எழுதாவிட்டால் மற்றதை எழுத வேண்டியதில்லை.

அட்டையைப் பெட்டியில் வைத்தேன். பதினாறாவது பெட்டி. உள்ளே போடும் சீட்டில் என் நம்பர்.

சாயந்திரம் மெஷின் மூன்று என்று காட்டியது. சிவப்புத் தொட்டியில் இரண்டு.

கண்ணாடி போட்ட பெண் வந்தாள். “மூணாவது கெடைக்கிற வரைக்கும் ஒரு பெட்டிகூட வெளிய போகாது,” என்றாள். ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போகும் லாரி வாசலில் நின்றது. அரை மணி நேரம் பார்ப்பேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம்தான் என்று டிரைவர் சொல்லி அனுப்பினார்.

சிநேகிதி கையுறையைக் கழற்றி மறுபடி போட்டாள்.

“சார், பொண்ணுக்கு ரெண்டு நாளைக்குத்தான் சார் மாத்திர கீது.”

“நான் இன்னாம்மா பண்றது? எண்ணுங்க.”

இங்கிருந்தே ஓர் அட்டை எடுத்துப் போக முடியாது. வாசலில் சோதனை உண்டு. அரசாங்க மாத்திரை ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு காட்டி, வரிசையில் நின்றுதான் கைக்கு வரும்.

அப்படித்தான் ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தோம். கால் மணி நேரத்தில் மூன்று பெட்டிதான் முடிந்தது.

“இதத் தேடி முடிக்கறதுக்குள்ள நம்ம கண்ணு குழி வுழுந்துடும்,” என்றாள் ஒல்லிக்காரி. யாரும் சிரிக்கவில்லை.

சிநேகிதி அழவில்லை. அவசரத்தில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எரிந்தது. அவளுக்குத் தேடிப் பார்க்கவாவது ஒரு பெட்டி இருக்கிறது.

அவள் மூன்றாம் தடவை முதலிலிருந்து ஆரம்பித்தபோது எழுந்தேன்.

“பதினாறைப் பிரிங்க சார்.”

“ஏம்மா?”

“என் நம்பரு. எம்மேலதான் எனக்கு டவுட்டு.”

நானே பிரித்தேன். விரலை ஓட்டினேன். இரண்டாவது அடுக்கில், நாலாவது குழியில் விரல் இறங்கியது. அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

சிநேகிதி என் கையைப் பிடித்தாள். கையுறையோடு கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றினாள். மத்தியானம் அட்டையை ஒற்றினாளே, அப்படி.

“இது வெரலாக்கா, சாமியா?” என்றாள்.

“ஒரு தடவ தப்புறதுதாம்மா,” என்றார் சூப்பர்வைசர். மெமோ தரவில்லை. லாரி கிளம்பிய சத்தம் கேட்டது. காலிக் குழியில் விரல் நின்றதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

திருவொற்றியூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கதவோரம் காற்றுக்கு உட்கார்ந்திருந்தார்.

“ராத்திரி மாத்திர போட்டியா?”

“போட்டேன்.”

“மத்தியானம்?”

“போட்டேன்மே. இன்னா நீ, இன்ஸ்பெக்டரு மாதிரி.” மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். “உன் தோஸ்து பொண்ணுக்கு மாத்திர வந்துச்சா?”

“வந்துச்சு.”

“நல்லாருக்கட்டும் அந்தப் பொண்ணு.”

அவருக்கு எரியவில்லை. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

உள்ளே போனேன். அலமாரியில் அவர் மாத்திரைக் கவர். ஒன்பது நாளைக்கு முன்னால் முப்பது வாங்கி வைத்தேன். மறுநாளிலிருந்து காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. அன்றைய ராத்திரி மாத்திரையையும் போட்டுவிட்டதாகச் சொன்னார். இருபத்தேழு போயிருக்க வேண்டும். மூன்று மிச்சம் இருக்க வேண்டும். மத்தியானம் நான் வீட்டில் இருப்பதில்லை.

கவருக்குள் கையை விட்டேன். பார்க்கவில்லை. விரலை ஓட்டினேன்.

லாபம், இரண்டு, மூன்று.

விரல் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

பன்னிரண்டு.