அக்கா வளர்த்த மொச்சைக் கிடா

அக்கா மறைந்து இந்த மார்கழியோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் பதுளைக் கடைத்தெரு நண்பர்களுக்கும் என் வணக்கம். மலர் போடுகிறவர்கள் இறந்தவரைத் தெய்வமாக்குவதும், வாங்குகிறவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பந்திக்கு இடம் பிடிப்பதும் வழக்கம். எங்கள் அக்காவுக்குப் படம் கிடையாது. அந்த வீண் செலவுக்கு அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆகவே நீங்கள் வாசித்துத்தான் ஆக வேண்டும். கூடப்பிறந்தவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது உங்களில் பலருக்கு முன்பே தெரியும்.

நமுனுகுல மலையடியில், கோப்பி பட்டுப்போய்த் தேயிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், அக்கா பிறந்தார். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். என்னைப் பெற்ற கொஞ்ச காலத்திலேயே அம்மா போய்விட்டார். அக்காவுக்கு அப்போது பாவாடையை ஒழுங்காகக் கட்டத் தெரியாத வயது. அந்த வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு பொங்கினார். சற்று வளர்ந்ததும் துரையின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவரைப் பங்களாவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் துரைசாணியிடம் கம்பளி நூலில் பின்னக் கற்றார்.

கற்றார் என்று மரியாதையாகச் சொல்கிறேன். ஒரு கண்ணி நழுவினால் துரைசாணி ஊசியாலேயே விரல் கணுவில் அடிப்பார். பிறகு பின்னியதை எல்லாம் இழுத்துப் பிரித்துவிட்டு, முதலிலிருந்து பின்னச் சொல்வார். அக்கா தேறியதும் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, பங்களா நாய்க்குச் சிவப்புச் சட்டை. ஐப்பசி மழையில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு போகும். அந்த நாய் அக்கா பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக் குரைக்கும்.

எங்கள் வருடம் இரண்டாகப் பிளந்தது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். காய்ந்த காற்றில் கொழுந்து நன்றாக வரும். பறிக்க மலையில் இறங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை குளிர். மனிதர், ஆடு, கோழி எல்லாம் ஒரே கூரைக்குள் ஒடுங்கிவிடுவோம். அக்கா பங்களாவில் மிஞ்சிய நூல் துண்டுகளை முடிச்சுப்போட்டு, மூங்கில் குச்சியைச் சீவிய ஊசிகளால் அடுப்போரம் உட்கார்ந்து பின்னுவார். எனக்குக் காலில் மாட்ட மேஸ், அப்பாவுக்குக் குல்லா. கோழி அவர் மடியில் ஏறும். எங்கள் நாய் மணி நூலுருண்டைமேல் படுத்துத் தூங்கும். நான் வாழ்ந்ததில் நல்ல நாட்கள் அவைதான்.

ஒரு கச்சான் காலத்தில் எங்கோ ஒரு நாய்க்கு வெறி பிடித்தது என்று சொல்லி, லயத்து நாய்களை எல்லாம் சுடும்படி துரை உத்தரவு போட்டார். பங்களா நாய்க்கு வெறி பிடிக்காது போலும். துப்பாக்கியோடு வந்த ஆள் சீழ்க்கை அடித்தான். சோறு போடத்தான் கூப்பிடுகிறான் என்று மணி வாலை ஆட்டிக்கொண்டு அவனிடம் ஓடியது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் புதைத்துவிட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார்கள். அக்கா புதைத்தார். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இனிமே எதுக்கும் பேரு வைக்கக் கூடாது, புள்ள.”

அந்த ஐப்பசியிலேயே எங்கள் ஆடு குட்டி போட்டுவிட்டுச் செத்தது. மழைக்குள் பிறந்த கறுப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளை. அக்கா துணியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தார். பங்களா நாய்க்குப் பின்னிய அளவு கையில் இருந்ததால், குட்டிக்கும் ஒரு சட்டை பின்னினார். வாரம் முடிவதற்குள் அதற்கு மொச்சை என்று பெயரும் வைத்துவிட்டார். எங்கள் அக்காவின் வைராக்கியம் அவ்வளவுதான்.

மொச்சை வளர வளர, சட்டையின் ஓரத்தில் அக்கா நூலைச் சேர்த்துக்கொண்டே போனார். கம்பளிக்குள் பேன் வைக்கும் என்று வாராவாரம் சட்டையைக் கழற்றி, தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார். முதலில் துள்ளியது. பிறகு பழகிக்கொண்டு, கண்ணை மூடியபடி சுகமாக நின்றது. குளித்து முடித்ததும் அக்கா அதன் காதில் மெல்ல ஊதுவார். உடனே தலையைச் சிலுப்பி எங்கள்மேல் எல்லாம் தண்ணீர் தெறிக்கவிடும். நாங்கள் சிரிப்போம். இதில் பிற்பாடு ஒரு பெண்ணின் வாழ்க்கை அடங்கியிருக்கும் என்று யார் கண்டது?

அடுத்த மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தார். அத்தையின் மகனுக்கு அக்காவைக் கொடுப்பதாக முன்பே பேச்சு. அக்காவுக்கு அத்தானைப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மிகவும் பிடித்திருந்தது. அவருக்காக ஒரு கம்பளிச் சட்டையைப் பின்னிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அத்தை அப்பாவின் தலைமாட்டில் நின்று, அண்ணன் எழுந்தால் தோட்டத்து எல்லையிலுள்ள முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்தார். நேர்ந்தவுடன் திரும்பி மொச்சையைக் கை காட்டினார்.

“நீ நல்லா வளத்திருக்க. சாமிக்கு கொறையில்லாததுதான் வேணும்” என்றார்.

அப்பா பிழைத்தார். தை பிறந்ததும் அக்கா அத்தையிடம் கெஞ்சினார்.

“வேற கிடா வாங்கித் தர்றேன் அத்தே. எத்தன நாளானாலும் ஒழைச்சு வாங்கிர்றேன்.”

“நேந்தது நேந்ததுதான். மாசித் திருவிழாவுல அதக் குடுக்கணும், அது தலையாட்டணும். அதுக்கப்புறந்தான் கல்யாணப் பேச்சு.”

தலையாட்டுவது என்பது சொந்தபந்தங்களுக்குத் தெரியும். தோட்டத்திலே பிறக்காத பதுளை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மாலை போட்ட கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்டினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஆட்டாவிட்டால் கொடுக்கிற வீட்டில் குற்றம்.

மாசித் திருவிழா நாளில் அக்காவே மொச்சையின் சட்டையைக் கழற்றினார். பூசாரி குடத்தைக் கவிழ்த்தார். குளிர்காற்று வேறு. எந்த ஆடும் உதறியிருக்கும். ஆனால் இது வாராவாரம் குளித்த கிடா. தண்ணீர் விழுந்ததும், ஊற்றுவது அக்காதான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. இன்னொரு குடம் ஊற்றினார்கள். நின்றது. மேளக்காரர் கை ஓயும்வரை அடித்தார். நின்றது.

“உத்தரவு கெடைக்கலியே. வீட்டுல என்னா கொற வச்சீங்க?” என்றார் பூசாரி.

அத்தை தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, “எங்கயோ குத்தம் இருக்கு! இது தலையாட்டாம இந்தக் கல்யாணம் கெடையாது, சொல்லிப்புட்டேன்!” என்று கூவினார். அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த அப்பா, ஈர மண்ணில் குப்புற விழுந்து கும்பிட்டார். கூட்டம் எங்களைப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் பலர் இப்போது இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்பா எழுந்து அக்காவைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தார். பிறகு, மாலை சரிந்திருப்பதைச் சரிசெய்கிறவர் போல மொச்சையின் அருகில் போய்க் குனிந்து அதன் காதில் ஊதினார்.

மொச்சை தலையைச் சிலுப்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். அக்கா விலகுவதற்குள் கத்தி இறங்கிவிட்டது. அவர் சேலையில் பட்டது மஞ்சள் தண்ணீர் மட்டுமல்ல.

கறி ஆக்கினார்கள், பந்தி போட்டார்கள். அக்கா சாப்பிடவில்லை. கல்யாணப் பெண் வெட்கப்படுகிறது என்று கேலி பேசினார்கள். எல்லோரும் உண்டு கை கழுவி, வெற்றிலையும் போட்ட பிறகு அத்தை வாய் திறந்தார்.

“அண்ணே, ஒங்க மக ஆட்டுக் காதுல ஊதுனத எங் கண்ணால பாத்தேன். சாமியவே ஏமாத்துறவ நாளைக்கி எம் மகன விட்டு வைப்பாளா? இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“அப்ப… நேத்திக்கடன்?” என்று அப்பா கேட்டார்.

“நேத்தி தீந்துருச்சு. கிடா தலையாட்டுச்சுல்ல? அது வேற, இது வேற.”

இந்த நியாயத்தை இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். சாமியை ஏமாற்றினார் என்றால் நேர்த்தி தீரவில்லை. நேர்த்தி தீர்ந்தது என்றால் அக்கா ஏமாற்றவில்லை. ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அத்தான் பல் குத்திக்கொண்டு மலையைப் பார்த்தார். அக்கா மட்டும் எழுந்து வந்து கேட்டார்.

“பாத்திருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தே. மொச்சையாவது மிஞ்சியிருக்கும்.”

அடுத்த முகூர்த்தத்தில் பசறைப் பக்கத்துப் பெரிய கங்காணி வீட்டுப் பெண்ணை அத்தான் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு எந்தக் கிடாயும் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை.

அக்காவைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை. சாமியை ஏமாற்றியவள் என்ற பேர் எங்களுக்கு முன்னால் ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்தது. கொழுந்து பறிக்கும்போது அடுத்த நிரையில் நிற்கப் பெண்கள் மறுத்தார்கள். மண்சரிந்தாலும் அக்கா, மாடு செத்தாலும் அக்கா. அத்தானுக்கு முதல் குழந்தை பிறந்தபோது, மனசு கேட்காமல் ஒரு குல்லா பின்னிக் கொடுத்தனுப்பினார். பிறகு நான் ஒரு சாவுக்காக அங்கே போயிருந்தேன். கொல்லையில் அடைக்கோழி அந்தக் குல்லாவின்மேல் முட்டையோடு படுத்திருந்தது. திரும்பி வந்தபோது அக்கா கேட்டார், “குல்லா பத்துச்சா?” என்று. பத்தியது என்றேன். பொய்தான். அந்தப் பொய்யை இன்று கேட்டாலும் சொல்வேன்.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு இருவரும் பதுளைக்கு வந்தோம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளி, தாம் நூல் தருவதாகவும் பின்னிக் கொடுக்கும்படியும் அக்காவிடம் சொன்னார். “தங்கச்சி, ஒங்க கை வேலைக்கு ஆள் தேடி வாராங்க” என்று மழைக்காலம் பிறக்குமுன் வந்து நிற்பார். அந்தப் பின்னலில்தான் நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தேன், எனக்குக் கல்யாணம் நடந்தது, இதை எழுதும் எழுத்தும் வந்தது. அக்கா சாந்தமே உருவானவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாடம் தப்பினால் மூங்கில் ஊசியால் என் விரல் கணுவில் அடிப்பார். எங்கே கற்றார் என்று சொல்லிவிட்டேன். கோழி வளர்த்தார், ஆடு வளர்க்கவில்லை. குஞ்சுகளுக்குப் பெயர் வைக்க என் பிள்ளைகளை விடவில்லை. அறுக்கும் நாளில் தாமே அறுத்தார், முகத்தில் ஒன்றும் தெரியாது.

பதுளைக்கு ரயில் வந்த பிறகு வந்த குளிர்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சுச் சளி கண்டது. படுத்தபடியே பின்னினார். ஒருநாள் இருமலுக்கு நடுவே சிரித்தார்.

“நா போனா, வாழக்கன்னத் தூக்கிக்கிட்டு வருவாங்க பாரு. கிட்ட விடாத, புள்ள.”

கல்யாணம் ஆகாமல் செத்த பெண் ஆவியாக அலைவாள் என்று ஒரு பயம். அதற்காக வாழைக்கன்றை மாப்பிள்ளையாக நிறுத்தி, பிணத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி அனுப்புகிறவர்கள் நம்மில் உண்டு. அக்கா சொன்னபடியே நடந்தது. அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது அத்தான் வந்தார். நரைத்துவிட்டார். கையில் மஞ்சள் கயிறு, பின்னால் ஒருவர் தோளில் வாழைக்கன்று.

“எதுக்குங்க அத்தான் இது? உசுரோட இருந்தப்ப கட்டாத கயிறு” என்றேன்.

“எம் மக மாசமா இருக்கா, புள்ள. ஒங்கக்கா இப்பிடியே போனா எங்க வீட்டத்தான் தேடி வரும். பயமா இருக்கு.”

“அக்கா வேணாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. எடுத்துட்டுப் போங்க.”

“கட்டாட்டி எங்காளுக பாடையத் தூக்க மாட்டாங்க.”

“தூக்காதீங்க.”

அவர்கள் வெளியே போய் நின்றார்கள். வேலியோரம் நின்ற அத்தனை சொந்தங்களில் ஒருவரும் அசையவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். செய்தி கேட்டு நானா, கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களை அனுப்பினார். அவர்களும் நம் ஆட்கள்தான், ஆனால் எந்தச் சாமியைப் பற்றியும் கேள்வி கேட்கவில்லை. அக்காவைத் தூக்கினார்கள். என் மகன் கொள்ளி வைத்தான்.

இனி நன்றி. தோள் கொடுத்த அந்தத் தொழிலாளர்களுக்கும், நானாவுக்கும், மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வேலியோரம் நின்றவர்களுக்கும் நன்றி. அக்காவைப் பற்றி நான் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

அத்தானுக்குப் பேரன் பிறந்து நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனாலும் அவர் வீட்டில் பொழுது சாய்ந்தால் வாசலில் வேப்பிலை கட்டுகிறார்களாம். கட்ட வேண்டாம், அத்தான். நிம்மதியாகத் தூங்குங்கள். அக்கா வரமாட்டார். கூப்பிடாத வீட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.