சைக்கிளில் ஒட்டிய மஞ்சள் தாள்

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தபோது, எங்களுக்கும் இன்னொரு குடும்பத்துக்குமாக ஒரே வீடு, சமைக்க ஒரே குசினி கிடைத்தது. அந்தக் குடும்பத்து அக்காவுக்கு நிவாரண அலுவலகம் ஒன்றில் வேலை. அங்கே கொழும்பிலிருந்து வந்த மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

பொருளாதாரத் தடையால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதியதை அழித்துவிட்டு அதே கொப்பியில் திரும்ப எழுதிய காலம். இவரோ மிளகாய்த்தூள் போத்தலுக்கு ஒரு தாள், சீனி டின்னுக்கு ஒரு தாள், கிணற்று வாளிக்குக்கூட ஒரு தாள் என்று ஒட்டித் தள்ளினார். எல்லாவற்றிலும் 'எங்களுடையது'. நாங்கள் என்ன, வாளியைத் தின்றுவிடுவோமா? புகையிலும் ஆவியிலும் அவை உரிந்து கறிச்சட்டிக்குள் விழும். மறுநாள் புதிதாக ஒட்டுவார்.

உப்பு முடிந்ததைக்கூட எங்கள் கதவில் ஒட்டிவிட்டுத்தான் போவார். "கண்ணுக்கு முன்னால நிக்கிறன், வாயால சொன்னால் என்ன?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எழுதினால் மறக்காது" என்றார்.

அவர்களுடைய சைக்கிளில் ஒட்டியிருந்தது, 'கேட்காமல் எடுக்கக் கூடாது.' அவரை அலுவலக வாகனம் வந்து ஏற்றிப்போகும். சைக்கிள் சும்மா நிற்கும்.

ஒருநாள் மத்தியானம் எங்கள் இரண்டு வயது மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. எங்கள் சைக்கிள் ரியூப் வெடித்துக் கிடந்தது. அவர்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரிடம் கேட்பது, தாளிடமா? அவர்களுடைய சைக்கிளை எடுத்து, மனைவியையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். மலேரியா என்றார்கள். பிள்ளை கண் திறக்கப் பொழுதுபட்டது.

சைக்கிளைக் கொண்டுவந்து விட்டேன். அக்காவின் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். காலையில் திரும்பி வந்தபோது எங்கள் கதவில் ஒரு மஞ்சள் தாள்.

'பின்சில்லில் காற்று இல்லை. அடித்து வைக்கவும்.'

பிள்ளையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளை உரித்துக்கொண்டு குசினிக்குப் போய் அவரிடம் நீட்டினேன்.

"இதை உங்கட வாயால ஒருக்கா வாசியுங்கோ அக்கா."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன், எழுத்து விளங்கேல்லையோ?"

நன்றாகவே விளங்கியது. மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் முற்றத்தில் மூன்று கல் வைத்து, எங்களுக்கென்று தனி அடுப்பு மூட்டினேன்.